கல்லாக் கணக்கு ஒத்துப்போகவில்லை, ஆனால் சாட்பாட் தயார்

கேள்வி: வணக்கம் அண்ணா. சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மினிமார்ட், மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடைகளுக்கான கல்லா மென்பொருள் எங்களுடையது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் எங்களுக்கு நிறையக் கடைகள் உண்டு. மூன்று வருடமாக ஒரே புகார்தான் வருகிறது. இணையம் கொஞ்ச நேரம் போய்விட்டு வந்தால் சில விற்பனைகள் இரண்டு தடவை பதிவாகிவிடுகின்றன. இரவு கடை மூடும்போது கல்லாவில் உள்ள பணமும் திரையில் உள்ள தொகையும் ஒத்துப்போவதில்லை. சரக்கு இருப்பும் தப்பாகவே காட்டுகிறது. பாஸிடம் சொன்னால், "அடுத்த காலாண்டில் பார்ப்போம்" என்பார். இதற்கிடையில் புள்ளி சேர்க்கும் செயலி வந்தது, வண்ண வண்ண டாஷ்போர்டு வந்தது, இப்போது ஏஐ சாட்பாட் வரப்போகிறது. டெவலப்பர் தம்பிகளோ, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினால்தான் சரிவரும் என்கிறார்கள். பாஸ் கெட்டவர் இல்லை. ஆரம்பத்தில் கடை கடையாக ஏறி இறங்கி அவரே விற்றவர்தான். ஆனால் கடந்த ஆறு மாதத்தில் பல கடைகள் ஒன்றும் சொல்லாமலே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டன. தீபாவளிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அவரை எப்படிக் கேட்க வைப்பது? இல்லை, பேசாமல் வேறு வேலை தேடிக்கொள்வதா?

பதில்: வணக்கம் தங்கச்சி. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது "ஒன்றும் சொல்லாமலே" என்ற இடம்தான். போன் போட்டுத் திட்டுகிற கடைக்காரர் இன்னும் உங்களிடம் எதையோ எதிர்பார்க்கிறார். எதிர்பார்ப்பு போய்விட்டால் திட்டக்கூட மாட்டார்.

அடுத்த தடவை வாடிக்கையாளர் கடைக்குப் போகும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம் கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடக்கும். அன்றைய விற்பனை, பேநவ்வில் (கைபேசிவழிப் பணம்) வந்தது, கடன் சொன்னவர்கள், காலியாகப்போகும் சரக்கு, எல்லாம் அதில் பேனாவால் எழுதியிருக்கும். அந்தக் கடை உங்களுக்கு மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கணக்கில் அது "நடப்பு வாடிக்கையாளர்". ஆனால் உங்கள் மென்பொருளை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டது. ஒப்பந்தத் தேதிக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை கடைகளில் இந்த நோட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் உடல்நிலையை டாஷ்போர்டை விட அது சரியாகச் சொல்லும்.

இனி உங்கள் பாஸ் ஏன் காது கொடுப்பதில்லை என்ற விஷயம். கடை கடையாக ஏறி விற்ற மனிதருக்குக் கல்லாக் கணக்கின் அருமை தெரியாமல் இருக்காது. புதிய வசதிக்கு ஒரு பெயர் உண்டு, வெளியிடும் தேதி உண்டு, அதைக் காட்டி விற்க ஆள் உண்டு. பழைய பிழைக்கு இதில் எதுவும் கிடையாது. சரிசெய்து முடித்தாலும் "நேற்று வரை தப்பாக இருந்தது, இன்று சரியாக இருக்கிறது" என்று யாரும் விளம்பரம் போட முடியாது. நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. உற்பத்தித்திறன் தீர்வு மானியத்தில், அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை வாங்கும் சிறு நிறுவனத்துக்குத் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை அரசாங்கம் தருகிறது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற நேரத்தில் கடைக்காரர் நான்கு நிறுவனங்களின் வசதிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார். "இரவு கணக்கு ஒத்துப்போகும்" என்று எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இருக்காது. இருக்க வேண்டியது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதால். ஆக, விற்பனை நடப்பது பட்டியலை வைத்து. கடை விலகுவது பட்டியலில் இல்லாத ஒன்றுக்காக. நடுவில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஓடிவிடுவதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் விழுந்திருக்கின்றன. உங்கள் வயது எனக்குத் தெரியாது. 2003, 2004 வாக்கில் இங்கே பாலிடெக்னிக்கில் படித்தவர்களைக் கேட்டால் ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளத்தைப் பற்றிச் சொல்வார்கள். நண்பர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் பாராட்டி டெஸ்டிமோனியல் எழுதிக்கொண்ட காலம் அது. ஃபேஸ்புக் பிறக்கும் முன்பே பல லட்சம் பேரைச் சேர்த்த தளம். 2003-ல் கூகுள் 30 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. அதற்கு இருந்த நோய் ஒன்றே ஒன்றுதான்: பக்கம் திறக்காது. ஒருவருடைய பக்கத்துக்குப் போனால் அவர் உங்களுக்கு யார் வழியாகத் தெரிந்தவர், நண்பரின் நண்பரின் நண்பரா என்று நான்கு படி வரைக்கும் தளம் கணக்குப் போடும். ஆயிரம் பேர் இருந்தபோது பிரச்சினை இல்லை. லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்ததும் சர்வர் திணறியது. ஒரு பக்கம் வர 40 விநாடி வரைகூட ஆனது.

கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த கதை. நிர்வாகக் குழுவில் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய தலைகள் இருந்தன. கூட்டங்களில் அவர்கள் புதிய வசதிகளையும், போட்டியாளர்களையும், விளம்பர ஒப்பந்தங்களையும் பேசினார்கள். பக்கம் திறக்காத விஷயம் அவர்கள் நேரத்துக்கு மிகச் சின்ன விஷயமாகத் தோன்றியது என்று பின்னாளில் அந்த நிறுவனத்தில் இருந்தவர்களே சொன்னார்கள். அமெரிக்கப் பயனர்கள் மைஸ்பேஸுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டார்கள். தென்கிழக்காசியாவில் நாம்தான் இன்னும் கொஞ்ச காலம் அதைத் தாங்கிப் பிடித்தோம். 2009-ல் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் வாங்கியது. 2011-ல் அதை விளையாட்டுத் தளமாக மாற்றினார்கள். பழைய படங்களும் செய்திகளும் அதோடு போயின. யாரும் அதைவிடப் பெரிய யோசனையோடு வந்து ஃபிரெண்ட்ஸ்டரைத் தோற்கடிக்கவில்லை என்பது என் கருத்து. கிட்டத்தட்ட அதே யோசனை, ஆனால் பக்கம் திறந்தது.

எவர்நோட் கதையும் கேட்கத் தகுந்தது. குறிப்பு எடுத்துவைக்கும் செயலி. 2013-ல் அவர்கள் பை, காலுறை எல்லாம் தங்கள் பெயர் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். காலுறை! 2014 ஜனவரியில், எழுதிய குறிப்புகளே சிதைகின்றன என்று ஒரு பழைய பயனர் பகிரங்கமாக எழுத, தலைமை நிர்வாகியே பதில் சொல்லி, குறை இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. 2015-ல் 47 பேரை வேலையிலிருந்து நீக்கி மூன்று அலுவலகங்களை மூடினார்கள். அந்த மூன்றில் ஒன்று சிங்கப்பூர் அலுவலகம். அடுத்த சில வருடங்களில் புதிய தலைமை வந்து அடித்தளத்தைச் செப்பனிட்டது. ஆனால் அதற்குள் போட்டியாளர்கள் வளர்ந்துவிட்டார்கள். கடைசியில் 2022-ல் இத்தாலிய நிறுவனம் ஒன்று வாங்குவதாக அறிவிப்பு வந்தது.

சரி, உங்கள் பிழைக்கு வருவோம். நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இது மர்மமான பிழை இல்லை. கல்லா ஒரு விற்பனையை சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைப் பதிந்துவிட்டது. "வந்து சேர்ந்தது" என்று அது சொல்லும் பதில் திரும்பி வருவதற்குள் இணையம் அறுந்துவிட்டது. கல்லாவுக்குப் பதில் கிடைக்காததால் மறுபடி அனுப்புகிறது. கல்லா செய்ததில் தப்பே இல்லை. அனுப்பாமல் விட்டால் விற்பனையே தொலைந்துவிடும். "இது ஏற்கெனவே வந்ததுதானே" என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டியது சர்வர். அதற்கு ஒவ்வொரு விற்பனைக்கும் கல்லாவிலேயே, இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னொரு தடவை வரவே வராத ஓர் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அதே எண் திரும்ப வந்தால் சர்வர் "என்னிடம் இருக்கிறது" என்று பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும். உங்கள் தம்பிகளுக்கு இதன் பெயர் தெரியும், ஐடெம்பொட்டன்சி. குறுக்குவழியாக, "ஒரே நிமிடம், ஒரே தொகை என்றால் அழித்துவிடு" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் தேக்காவில் இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் ஒரே மசாலாப் பொட்டலத்தை வாங்குவது அபூர்வமா என்ன?

சரக்கு இருப்பு தப்பாவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். கடையில் இரண்டு கல்லா இருக்கிறது, பருப்புப் பொட்டலம் 40 இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று 3 விற்று "மீதி 37" என்று எழுதுகிறது. இணையம் இல்லாத இன்னொன்று 5 விற்று "மீதி 35" என்று வைத்திருந்து, இணையம் வந்ததும் எழுதுகிறது. கடைசியாக எழுதியது நிற்கும். திரை 35 என்று காட்டும். அலமாரியில் இருப்பது 32. கல்லாக்கள் மீதியை எழுதவே கூடாது. "3 போனது", "5 போனது" என்று நடந்ததை மட்டும் எழுத வேண்டும், மீதியை சர்வர் கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும். நம் தாத்தாக்கள் பேரேட்டில் செய்தது இதைத்தான்.

இந்த இரண்டையும் செய்ய முழு மென்பொருளையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. விற்பனையைப் பதியும் பாதையையும் இருப்பைக் கணக்கிடும் இடத்தையும் மட்டும் தொட்டால் போதும். புதிதாக எழுதுவோம் என்ற ஆசை டெவலப்பர்களுக்கு எப்போதும் உண்டு. அடுத்தவர் எழுதிய நிரலைப் படிப்பதைவிடப் புதிதாக எழுதுவது சுகம். நெட்ஸ்கேப் என்ற பழைய இணைய உலாவிக்கு என்ன ஆனது என்று தம்பிகளிடம் கேளுங்கள். 1997-ல் நான்காம் பதிப்பு வந்தது. ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. அடியிலிருந்து திரும்ப எழுதி ஆறாம் பதிப்பு வந்தபோது 2000 நவம்பர் ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அத்தனை இடைவெளி விட்டால் என்ன மிஞ்சும்?

பழைய இரட்டைப் பதிவுகளை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். எதையும் அழிக்க வேண்டாம். தப்பான பதிவை ஈடுகட்டும் எதிர்ப்பதிவு போட்டு, கடைக்காரரிடம் காட்டி, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டியையும் மறக்காதீர்கள். பதிவு பெற்ற கடை என்றால் இரண்டு தடவை பதிவான விற்பனைக்கு இரண்டு தடவை வரியும் கணக்கில் ஏறும். வரி 2023 ஜனவரியில் 7-லிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரியில் 9 விழுக்காடாகவும் ஏறியபோது எல்லாக் கல்லா நிறுவனங்களும் இரவு பகலாக வேலை செய்தன. உங்கள் பாஸுக்கும் அது ஞாபகம் இருக்கும். 2025 நவம்பரிலிருந்து இன்வாய்ஸ்நவ் என்ற மின்விலைப்பட்டியல் கட்டமைப்பு வழியாக விலைப்பட்டியல் விவரங்களை நேரடியாக உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும் முறையும் படிப்படியாக வருகிறது. முதலில், விருப்பப்பட்டு ஜிஎஸ்டி பதிவு செய்யும் புதிய நிறுவனங்களுக்கு. இனிமேல் உங்கள் பிழை கடையின் நாலு சுவருக்குள் நிற்காது.

இதையெல்லாம் பாஸிடம் எப்படிச் சொல்வது? இத்தனை நாளும் புகார்களின் எண்ணிக்கையைச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புகாரைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும். வெள்ளிக் கணக்கில், அதாவது சிங்கப்பூர் டாலரில் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஒரு கடை மாதம் 90 வெள்ளி கட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,080 வெள்ளி. அப்படி 40 கடைகள் போனால் 43,200 வெள்ளி. அதோடு உங்கள் குழு இந்த ஒரே பிரச்சினைக்குச் செலவிடும் மணிநேரத்தின் சம்பளம், போன கடைக்குப் பதிலாகப் புதுக் கடை பிடிக்க விற்பனை ஆளுக்குக் கொடுக்கும் கமிஷன். உங்கள் உண்மையான எண்களைப் போட்டு, ஒரே பக்கத்தில், சாட்பாட்டின் செலவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். விலகிய கடைகளில் ஏழெட்டுப் பேருக்கு நீங்களே போன் செய்து காரணம் கேட்டு, அதை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே சேருங்கள். சிலர் வேறு காரணமும் சொல்லலாம். வாடகை ஏறிவிட்டது, கடையையே மூடுகிறோம் என்பார்கள். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் பாஸ் அந்த ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்.

அப்புறம் அவரை ஒரு ராத்திரி சிராங்கூன் சாலையில் ஏதாவது ஒரு கடைக்கு அழைத்துப்போய், கடை மூடும் நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். கடையில் வேலை செய்யும் அக்கா கணக்கு ஒத்துப்போகாமல், கடைசி பஸ் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்க்கட்டும். பவர்பாயிண்ட் எதுவும் வேண்டாம். கடை கடையாக ஏறியவர் என்று நீங்கள் சொல்வதால்தான் இதைச் சொல்கிறேன். கடையையே பார்த்திராத முதலீட்டாளர் என்றால் இந்த யோசனை பலிக்காது.

"புதிய வசதிகளை நிறுத்தினால் சந்தையில் பின்தங்கிவிடுவோம்" என்று அவர் சொல்வார். அதற்கு இரண்டு பதில் வைத்திருங்கள். லிங்க்ட்இன் 2011 மே மாதம் பங்குச்சந்தைக்கு வந்தது. அதே வருடம் நவம்பரில், உள்கட்டமைப்பு தாங்கவில்லை என்று, ஏறத்தாழ இரண்டு மாதம் புதிய வசதி எதையும் சேர்க்காமல் அடித்தளத்தை மட்டும் சரிசெய்தார்கள். பங்குதாரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்ய முடிந்தது. இன்னொன்று நம் ஊரில் நடந்தது. 2023-ல் டிபிஎஸ் வங்கியின் மின்னிலக்கச் சேவை பல தடவை தடைபட்டபோது, அந்த நவம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் தலையிட்டு, அவசியமில்லாத தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தச் சொன்னது. புதிய தொழில்களைக் கையகப்படுத்தவும் தடை போட்டது. அந்த வருடம் தலைமை நிர்வாகியின் ஊக்கத்தொகையில் 30 விழுக்காடு, அதாவது 4.14 மில்லியன் வெள்ளி, குறைக்கப்பட்டது. அத்தனை பெரிய வங்கியால் ஆறு மாதம் நிறுத்திவைக்க முடிந்தது. உங்கள் பாஸுக்கு மேலே நாணய ஆணையம் இல்லை, ஆகவே அவரே தனக்கு அந்த உத்தரவைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கேட்காதீர்கள், பயந்துவிடுவார். ஆறு வாரம் கேளுங்கள், இரண்டு டெவலப்பர்களோடு. மற்றவர்கள் சாட்பாட்டைச் செய்துகொண்டு போகட்டும். (கல்லாக் கணக்கே தப்பாக இருக்கும்போது அந்தச் சாட்பாட் "இன்றைய விற்பனை எவ்வளவு?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லும் என்று மட்டும் போகிற போக்கில் கேட்டு வையுங்கள்.)

வேலையை விடுவதா என்பதற்கு வருகிறேன். எண்களையும் பார்த்து, கடையிலும் உட்கார்ந்துவிட்டு, அதற்கப்புறமும் "அடுத்த காலாண்டு" என்றால், தேட ஆரம்பியுங்கள். கோபப்பட்டுக் கடிதம் கொடுக்க வேண்டாம். வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு விஷயங்களை மாதா மாதம் கவனியுங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும் என்பது வேலை நியமனச் சட்டம். அந்த மாதத்துக்கான மத்திய சேமநிதித் தொகையை முதலாளி அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக உங்கள் கணக்கில் நீங்களே பார்க்கலாம். இந்த இரண்டு தேதிகளும் தள்ளிப்போக ஆரம்பித்தால், அதன் பிறகு பிழையைச் சரிசெய்வது உங்கள் கவலையாக இருக்கத் தேவையில்லை.

அந்த நிலைமை இன்னும் வரவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே நாள் கணக்கைப் பாருங்கள். நான்கு மாதம் என்பது பேசிச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம், வேலைக்கு ஆறு வாரம், பிறகு இரண்டே இரண்டு கடைகளில் சோதனை. ஒன்று அமைதியான வட்டாரத்து மினிமார்ட், இன்னொன்று தேக்காவிலேயே அதிகம் புகார் சொல்கிற கடை. வேண்டுமென்றே இணையத்தைப் பிடுங்கிவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு கடைகளிலும் தொடர்ந்து இரண்டு வாரம் கணக்கு ஒத்துப்போனால் மற்ற கடைகளுக்குக் கொடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் யாரும் எந்தக் கடையின் கல்லாவிலும் எதையும் மாற்றக் கூடாது, சாட்பாட் உட்பட. இதைப் பாஸிடமிருந்து இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.